நடுவழியில் நின்றால் யார் வருவார்?

மோட்டார் சைக்கிள்களுக்கு விற்கப்படும் சாலையோர உதவித் திட்டங்கள் கொடுத்த காசுக்குப் பெறுமானமா? ஹைதராபாத்தில் இந்தக் கேள்வி வெறும் பஞ்சர் கணக்கோடு முடிந்துவிடுவதில்லை.

ஹைதராபாத் சாலைகளில் அடிக்கடி கண்ணில் படும் காட்சி இது. மக்கர் செய்துவிட்ட மோட்டார் சைக்கிளில் ஒருவர் ஹேண்டில்பாரைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறார். பின்னால் இன்னொரு வண்டிக்காரர் காலை நீட்டி முன்வண்டியின் ஃபுட்ரெஸ்டில் ஊன்றி, தன் எஞ்சின் பலத்தில் அதைத் தள்ளிக்கொண்டு போகிறார். இரண்டு வண்டிகளும் ஒட்டிப் பிறந்தவை போல மேம்பாலம் ஏறுகின்றன. தள்ளுகிறவர் பெரும்பாலும் முன்பின் தெரியாதவர்தான். "க்யா ஹுவா பாய்?" என்ற ஒரு விசாரிப்போடு காரியம் தொடங்கிவிடும். சந்தா, ரசீது என்று எதுவும் கிடையாது. இது எத்தனை ஆபத்தானது என்று யோசிக்க இரண்டு பேருக்குமே நேரமிருப்பதில்லை.

இப்படி ஓசியில் கால் கொடுக்கும் ஊரில்தான் அதே உதவி காசுக்கும் விற்கப்படுகிறது. புது வண்டிக்கு ஷோரூமில் பில் போடும்போதும், இன்ஷூரன்ஸ் பாலிசியைப் புதுப்பிக்கும்போதும் ஒரு வரி கூடுதலாக எட்டிப் பார்க்கும்: சாலையோர உதவி. வருடத்துக்குச் சில நூறு ரூபாய். அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. பஞ்சர், செத்துப்போன பேட்டரி, தீர்ந்துபோன பெட்ரோல், தொலைந்த சாவி, அந்த இடத்திலேயே முடியக்கூடிய சில்லறைப் பழுது, எதுவும் பலிக்காவிட்டால் வண்டியை ஏற்றிப் பட்டறைக்குக் கொண்டுபோவது: இவைதான் வாக்குறுதிகள். பெரும்பாலானோர் தொகை சிறிது என்பதால் தலையாட்டிவிடுகிறார்கள். எதற்குத் தலையாட்டினோம் என்பது வண்டி நிற்கும் வரை தெரிவதில்லை.

"இன்ஷூரன்ஸ்தான் இருக்கிறதே" என்று நினைப்பவர்களுக்கு ஏமாற்றம் காத்திருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் (1988) கட்டாயமாக்குவது மூன்றாம் நபர் காப்பீட்டை மட்டுமே. 2018 செப்டம்பர் முதல் புது இருசக்கர வண்டிக்கு இது ஐந்தாண்டுகளுக்குச் சேர்த்தே எடுக்கப்படுகிறது. நம் வண்டி நின்றுபோனால் இந்தப் பாலிசிக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. முழுக் காப்பீடு வைத்திருந்தாலும், தேய்மானமும் இயந்திர, மின் கோளாறுகளும் அதில் வெளிப்படையாக விலக்கப்பட்டவை. விபத்தில் அடிபட்டு நகர முடியாத வண்டியை மெக்கானிக்கிடம் கொண்டுசெல்ல மட்டும் ஒரு தொகை உண்டு. 2002-ஆம் ஆண்டின் இந்திய மோட்டார் கட்டண விதித்தொகுப்பு இருசக்கர வண்டிகளுக்கு வகுத்த பாலிசி வாசகத்தில் அந்த உச்சவரம்பு 300 ரூபாய். காருக்கு 1,500. இன்று 300 ரூபாய்க்கு ஒரு மினி லாரி வண்டியை ஏற்றிக்கொண்டு ஊரின் அடுத்த பேட்டை வரை போனாலே பெரிய விஷயம்.

அப்படியானால் திட்டத்தை வாங்கிவிடலாமா? அதற்கு முன் ஒரு கணக்கு. திட்டத்தின் விலை 300 ரூபாய் என்றும், தெருமுனையில் பஞ்சர் ஒட்ட 150 ரூபாய் என்றும் வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு இரண்டு பஞ்சர் ஆனால் பணம் திரும்பிவிட்டது என்று தோன்றும். ஆனால் மெஹதிப்பட்டணத்திலோ அமீர்ப்பேட்டையிலோ பட்டப்பகலில் காற்றுப் போனால், வண்டியைத் தள்ளிக்கொண்டு பஞ்சர் கடைக்குப் போவதற்குள் உதவி மையத்தின் தொலைபேசி இசைகூட முடிந்திருக்காது. உதவியாளர் வந்து சேர்வதற்குள் கடைக்காரர் வேலையை முடித்து டீ குடித்திருப்பார். ஆகவே ஊருக்குள் பஞ்சருக்காகத் திட்டம் வாங்குவது வீண். திட்டத்தின் உண்மையான மதிப்பு வண்டியை ஏற்றிச் செல்வதில் இருக்கிறது. தனியாக ஏற்பாடு செய்தால் அதற்கு ஆயிரம் ரூபாயைத் தாண்டலாம். மூன்று வருடத்துக்கு ஒருமுறை அப்படி நேர்ந்தால் கணக்கு சரியாகும். நன்றாகப் பராமரிக்கப்படும் புது வண்டிக்கு அதுவும் நேராது.

ஆனால் வண்டிகள் மாறிவிட்டன என்பதை இந்தக் கணக்கு பார்ப்பதில்லை. பஜாஜ் சேத்தக் ஓட்டிய தலைமுறைக்கு உதவி மையம் தேவைப்பட்டதில்லை. ஸ்டெப்னி வண்டியிலேயே இருந்தது. பெட்ரோல் குறைந்தால் ரிசர்வுக்குத் திருப்பினார்கள். அதுவும் தீர்ந்தால் ஸ்கூட்டரை ஒரு பக்கம் சாய்த்து மிச்சத்தைக் கார்புரேட்டருக்கு வரவைத்தார்கள். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி உப்புத்தாளில் தேய்த்து மாட்டத் தெரியாதவர் ஸ்கூட்டர்காரரே அல்ல. இன்றைய ஸ்கூட்டரில் ஸ்டெப்னி இல்லை. 2020 ஏப்ரல் 1 முதல் பாரத் ஸ்டேஜ்-6 விதிகள் வந்தபின், பெரும்பாலான வண்டிகளில் கார்புரேட்டர் போய் மின்னணு எரிபொருள் செலுத்துமுறை வந்துவிட்டது. பல மாடல்களில் கிக்கரே கிடையாது. பேட்டரி அடியோடு செத்தால் பெட்ரோல் பம்பும் வேலை செய்யாது. தள்ளி ஸ்டார்ட் செய்யும் பழைய வித்தை பலிப்பது சந்தேகம். மின்சார ஸ்கூட்டர்களின் கதை இன்னும் கஷ்டம். சார்ஜ் தீர்ந்த வண்டிக்குப் பக்கத்துக் கடையில் பாட்டிலில் மின்சாரம் வாங்கி ஊற்ற முடியாது. ராணிகஞ்ச் உதிரிபாகக் கடைகளில் எல்லாம் கிடைக்கும். ஆனால் வண்டி ராணிகஞ்ச் வரை போக வேண்டுமே.

இந்த வகை உதவியின் பூர்வீகம் சுவாரஸ்யமானது. 1905-இல் பிரிட்டனில் தொடங்கப்பட்ட ஆட்டோமொபைல் அசோசியேஷன் முதலில் சைக்கிளில் ஆள் அனுப்பியது பஞ்சர் ஒட்ட அல்ல. வேகத்தைக் கண்காணிக்கப் போலீஸ் எங்கே ஒளிந்திருக்கிறது என்று கார்க்காரர்களுக்குத் துப்புக் கொடுக்க. பழுது பார்ப்பது பிறகு வந்த தொழில்.

இனி பொடி எழுத்து. திட்டங்களுக்குள் வேறுபாடு உண்டு என்றாலும் சில நிபந்தனைகள் பரவலானவை. வருடத்துக்கு இத்தனை முறைதான் அழைக்கலாம். இத்தனை கிலோமீட்டர் வரைதான் இலவசம். அதற்கு மேல் கிலோமீட்டர் கணக்கு. கூலி இலவசம், ஆனால் பெட்ரோலுக்கும் உதிரிபாகத்துக்கும் காசு. வண்டி போவது நீங்கள் சொல்லும் மெக்கானிக்கிடம் அல்ல, பக்கத்திலுள்ள அங்கீகரிக்கப்பட்ட பட்டறைக்கு. வாங்கிய அன்றே சில திட்டங்கள் உயிர்பெறுவதில்லை. இன்ஷூரன்ஸ் கம்பெனியின் துணைக் காப்பாக வாங்குவதென்றால் வண்டிக்கு முழுக் காப்பீடு இருந்தாக வேண்டும். மூன்றாம் நபர் பாலிசி மட்டும் உள்ள பழைய வண்டிக்கு, அதாவது அடிக்கடி நிற்கக்கூடிய வண்டிக்கு, அது கிடைப்பதில்லை. இதில் ஓர் ஆறுதல், உதவியைப் பயன்படுத்தியதால் நோ-கிளெய்ம் போனஸ் பொதுவாகக் குறைவதில்லை.

சொல்லப்படாத நிபந்தனை தூரம். ஹைதராபாத் வாலிபர்களின் வாராந்தர யாத்திரைகளில் ஒன்று ஸ்ரீசைலம். ஒரு வழிக்கு இருநூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல். பாதை அம்ராபாத் புலிகள் காப்பகத்துக்குள் போகிறது. மன்னனூர் சோதனைச் சாவடியில் இரவு 9 முதல் காலை 6 வரை போக்குவரத்துக்குத் தடை. காட்டுக்குள் செல்பேசி அலை வரும், போகும். எட்டரை மணிக்கு அங்கே செயின் அறுந்தால், எந்தத் திட்டத்தின் அட்டையை வைத்திருந்தாலும் முதலில் தேவைப்படுவது பின்னால் வரும் லாரிக்காரரின் இரக்கம். தேசிய நெடுஞ்சாலைகளில் 1033 என்ற எண் 24 மணி நேரமும் இயங்குகிறது. இதற்குச் சந்தா இல்லை. ஆனால் அந்த கிரேனின் முதல் வேலை சாலையை மறிக்கும் வண்டியை அகற்றுவதுதான். வீடு வரை கொண்டுவிடுவது அதன் வேலையல்ல.

இதுவரை சொன்னதெல்லாம் பணமும் நேரமும். ஹைதராபாத்தில் பஞ்சர் என்ற சொல்லுக்கு 2019 நவம்பர் 27 இரவிலிருந்து வேறொரு கனம் சேர்ந்துவிட்டது. ஷம்ஷாபாத் அருகே தொண்டுபள்ளி சுங்கச்சாவடிப் பக்கம் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டுப் போன இளம்பெண் இரவு திரும்பியபோது பின்சக்கரத்தில் காற்று இல்லை. அங்கிருந்த நான்கு பேர் வேண்டுமென்றே காற்றை இறக்கிவிட்டு, பஞ்சர் ஒட்டித் தருவதாக உதவிக்கு வந்தவர்கள் போல் நடித்தார்கள் என்பது போலீஸ் சொன்ன விவரம். அவர் தங்கைக்குப் போன் செய்து பயமாக இருக்கிறது என்றார். மறுநாள் காலை ஷாத்நகர் அருகே எரிந்த நிலையில் உடல் கிடைத்தது. அந்த இரவில் தேடி வந்த குடும்பத்தினரை, எல்லை தங்களுடையதல்ல என்று அலைக்கழித்ததற்காக மூன்று போலீஸ்காரர்கள் சஸ்பெண்ட் செய்யப்பட்டார்கள். கைதான நால்வரும் டிசம்பர் 6 அதிகாலை சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அந்த 'என்கவுண்டர்' நம்பத்தக்கதல்ல என்றும், பத்துப் போலீஸ்காரர்கள் மீது கொலை வழக்கு நடத்த வேண்டும் என்றும், உச்சநீதிமன்றம் நியமித்த சிர்புர்கர் கமிஷனின் அறிக்கை பிற்பாடு கூறியது. விசாரணையே நடக்காமல் போன வழக்கு அது.

ஒரு உதவித் திட்டம் இருந்திருந்தால் என்று கேட்பது சுலபம். நியாயமான பதிலைச் சொல்வது கடினம். அழைத்தால் அடையாளம் தெரிந்த ஆள் வருவார், அவர் புறப்பட்டது எங்கோ பதிவாகியிருக்கும் என்பது பெரிய விஷயம்தான். முன்பின் தெரியாதவரின் உதவியை "வேண்டாம், ஆள் வருகிறார்" என்று மறுக்க ஒரு காரணம் கிடைக்கிறது. ஆனால் அந்த ஆள் வர முக்கால் மணி நேரமோ அதற்கு மேலோ ஆகலாம். ஆளரவமற்ற இடத்தில் அந்த முக்கால் மணி நேரம் நின்றாக வேண்டும். உதவி மையத்தின் எண்ணைப் போலீஸ் எண்ணுக்கு மாற்றாக நினைக்கவே கூடாது. இரவில் தனியாக மாட்டிக்கொள்பவர் முதலில் அழைக்க வேண்டியது 100 அல்லது 112, பிறகு வீட்டை, பிறகுதான் திட்டத்தை. வெளிச்சமும் ஆட்களும் உள்ள இடத்துக்குப் போய்விட்டு வண்டியை அங்கேயே விட்டுவிடலாம். இரவு ஷிஃப்ட் முடிந்து கச்சிபௌலியிலிருந்து ஸ்கூட்டரில் திரும்பும் பெண்ணுக்குச் சில நூறு ரூபாய்த் திட்டம் வீண் செலவல்ல. அதை மட்டும் நம்பி அவர் கிளம்புவதுதான் தவறு.

மழைக்காலத்துக்கும் இதே பதில்தான். 2020 அக்டோபர் 13 அன்று நகரில் 190 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டித் தீர்த்தபோது எண்ணற்ற வண்டிகள் தண்ணீரில் கிடந்தன. மூழ்கிய எஞ்சினை அவசரப்பட்டு ஸ்டார்ட் செய்தால் சிலிண்டருக்குள் புகுந்த தண்ணீர் பிஸ்டனின் கம்பியை வளைத்துவிடும். அது தொடர்விளைவு நஷ்டம் என்று சொல்லிப் பாலிசி கைவிரிக்கக்கூடும். ஸ்டார்ட் செய்யாமல் ஏற்றிச் செல்வது எஞ்சினைக் காப்பாற்றும். ஆனால் ஊரே மூழ்கும் நாளில் ஏற்றிச் செல்லும் வண்டிக்கும் வரிசை நீளம்.

உதவி வராவிட்டால் யாரிடம் முறையிடுவது என்பதைத் திட்டம் யாருடையது என்பது தீர்மானிக்கிறது. இன்ஷூரன்ஸ் கம்பெனியின் துணைக் காப்பு என்றால் முதலில் அந்தக் கம்பெனி, பிறகு ஹைதராபாத்திலேயே உள்ள இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மன். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் தலைமையகமும் இதே ஊரில், நானக்ராம்குடாவில் இருக்கிறது. வண்டித் தயாரிப்பாளரோ தனியார் உதவி நிறுவனமோ விற்ற திட்டம் என்றால் இந்த இரண்டு கதவுகளும் திறக்காது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நுகர்வோர் ஆணையத்துக்குத்தான் போக வேண்டும். விற்பவர்கள் இந்த வித்தியாசத்தைச் சொல்வதில்லை. வாங்குபவர் ரசீதில் கம்பெனியின் பெயரைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பல புது வண்டிகளுடன் முதல் வருட உதவி இலவசமாகவே வருகிறது. அது தெரியாமல் அதே உதவியை இன்ஷூரன்ஸ் புதுப்பிக்கும்போது மறுபடியும் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். இலவசமாக வந்ததன் தொலைபேசி எண், வண்டியோடு கொடுத்த புத்தகத்தில், வீட்டு பீரோவில் பத்திரமாக இருக்கும்.