பள்ளிக்கூடக் கட்டடத்துக்கும் பரிசு உண்டு

பள்ளிக்கூடத்துக்குப் பரிசு கிடைத்தது என்று சொன்னால், ஐந்தாம் ஆண்டு புலமைப்பரிசில் பரீட்சையில் எத்தனை பிள்ளைகள் பாஸ் என்றுதான் நாம் முதலில் கேட்போம். அதில் தப்பில்லை. ஆனால் அந்தப் பிள்ளைகள் உட்கார்ந்து படித்த கட்டடத்துக்கே பரிசு கொடுக்கும் வழக்கமும் உலகத்தில் இருக்கிறது. ஒரு தோட்டத்தில் பெற்றோர் கூட்டத்தில் இதைச் சொன்னபோது ஓர் அம்மா சிரித்துவிட்டார். "ஏங்க ஐயா, கட்டடமா பரீட்ச எழுதுது?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறோம்.

ஒரு வகையில் கட்டடமும் பரீட்சை எழுதத்தான் செய்கிறது. தகரத்தில் மழை அடிக்கும்போது டீச்சர் சொல்வது கடைசி வாங்கில் இருக்கும் பிள்ளைக்குக் கேட்கிறதா? பனி இறங்கி இருட்டும்போது கரும்பலகை எழுத்து தெரிகிறதா? இந்தக் கேள்விகளில் நம்ம மலையகப் பள்ளிக்கூடங்கள் பல பெயிலாகிவிடும் என்பது உங்களுக்கே தெரியும். பாஸான சில கட்டடங்களைப் பற்றிப் பார்ப்போம்.

முதலில் நம் நாட்டிலேயே ஒன்று. கண்டி வழியாகக் கொழும்புக்குப் போனவர்களுக்கு அம்பேபுஸ்ஸ தெரிந்திருக்கும். 2009 இல் யுத்தம் முடிந்த பிறகு, அங்குள்ள இராணுவ முகாமில் பொதுமக்களுக்கான ஒரு நூலகம் கட்டினார்கள். வரைபடம் போட்டவர்கள் மிலிந்த பத்திராஜ, கங்கா ரத்நாயக்க என்ற இலங்கைக் கட்டடக் கலைஞர்கள். கட்டியவர்கள் பெரிய கொந்தராத்துக் கம்பெனிக்காரர்கள் அல்ல, இளம் இராணுவத்தினர். கட்டிக்கொண்டே கட்டட வேலையைத் தொழிலாகப் பழகினார்கள். பலகை அடித்து, அதற்குள் மண்ணைக் கொட்டி, இடித்து இடித்து இறுக்கிய சுவர்கள். நிலம் சரிவானது. நம்ம ஆட்கள் என்றால் முதல் வேலையாக மண்வெட்டியை எடுத்துச் சரிவை மட்டமாக்கிவிடுவோம். அவர்கள் அப்படிப் பெரிதாக வெட்டவில்லை. கட்டடத்தையே சரிவுக்கு ஏற்றபடி வளைத்துக்கொண்டு போனார்கள். 2015 இல் இதற்கு ஹொல்சிம் உலக விருதில் வெள்ளிப் பரிசு கிடைத்தது. சீமெந்துக் கம்பெனி பேரில் உள்ள விருது மண் சுவருக்குப் போனது ஒரு வேடிக்கைதான்.

அடுத்தது தூரத்து ஊர். ஆபிரிக்காவில் புர்க்கினா பாசோ என்ற ஏழை நாட்டில் காண்டோ என்று ஒரு கிராமம். 1965 இல் அங்கே பிறந்த பிரான்சிஸ் கேரே என்பவர்தான் அந்தக் கிராமத்திலிருந்து பள்ளிக்கூடம் போன முதல் பிள்ளை. ஊரில் பள்ளிக்கூடம் இல்லாததால் சின்ன வயதிலேயே வீட்டை விட்டு வேறு ஊரில் தங்கிப் படித்தார். இருட்டான, புழுங்கிக் கிடக்கும் வகுப்பறை. ஒரே அறைக்குள் நூற்றுக்கு மேல் பிள்ளைகள். பிறகு தச்சு வேலை பழக உதவிப்பணம் கிடைத்து ஜேர்மனிக்குப் போனார். அங்கே கட்டடக்கலை படித்துக்கொண்டிருக்கும்போதே, பட்டம் வாங்கும்வரை காத்திராமல், காசு சேர்த்துத் தன் ஊருக்கு ஒரு பள்ளிக்கூடம் கட்டினார். 2001 இல் அது முடிந்தது. ஊர்ச் சனம் முழுவதும் வேலைக்கு வந்தது. பிள்ளைகள் கல் சுமந்தார்கள். பெண்கள் தரையை அடித்து இறுக்கினார்கள்.

அவருடைய தகரக் கூரையைப் பற்றிக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தகரம் நமக்கும் சொந்தக்காரன்தான். அங்கே பிரச்சினை வெயில். தகரம் சூடேறினால் அந்தச் சூடு நேரே பிள்ளைகளின் தலையில் இறங்கும். கேரே என்ன செய்தார் என்றால், வகுப்பறைக்கு மேலே மண் கற்களால் ஒரு தட்டு அமைத்து, அதில் இடைவெளி விட்டார். தகரத்தை அதற்கு மேலே, கம்பிச் சட்டத்தில் உயர்த்திப் போட்டார். உள்ளே சூடான காற்று இடைவெளி வழியாக மேலே ஏறும். தகரத்துக்கும் தட்டுக்கும் நடுவில் ஓடும் காற்று அதைக் கொண்டு போய்விடும். மின்விசிறி இல்லாமலே வகுப்பு குளிர்ந்தது. 2004 இல் அந்தப் பள்ளிக்கூடத்துக்கு ஆகா கான் கட்டடக்கலை விருது கிடைத்தது. 2022 இல் கேரேக்கு, கட்டடக்கலையில் உலகத்திலேயே பெரியதாக மதிக்கப்படும் பிரிட்ஸ்கர் பரிசும் கிடைத்தது. ஆபிரிக்கர் ஒருவருக்கு அது கிடைத்தது அதுதான் முதல் தடவை.

நமக்கு வெயில் இல்லை, குளிரும் மழைச் சத்தமும்தான். ஆனால் பாடம் ஒன்றே. வெறும் தகரத்தைப் பிள்ளைகளின் தலைக்கு மேல் அப்படியே விடக்கூடாது. கீழே ஒரு சீலிங் இருந்தால் சத்தம் குறையும், குளிரும் குறையும். எஸ்டிமேட்டில் காசு குறைக்க வேண்டும் என்றால் முதலில் வெட்டுப்படுவது இந்த சீலிங்தான். நாங்கள் கண்ணால் கண்டிருக்கிறோம்.

ஆகா கான் விருது 1977 இல் ஏற்படுத்தப்பட்டது. மூன்று வருடத்துக்கு ஒரு தடவை கொடுப்பார்கள். நம் நாட்டு ஜெப்ரி பாவாவுக்கும் 2001 இல் அதன் தலைவர் விருது கிடைத்தது. (பாவா அப்கொட் ஸ்ட்ரெத்ஸ்பே தோட்டத்தில் ஒரு பங்களா கட்டியிருக்கிறார். அவருடைய வகுப்பறைகள் கொழும்பில் இருக்கின்றன. மலைக்கு வந்தது பங்களா!) இந்த விருதுக்காரர்கள் போட்டோவை மட்டும் பார்த்துப் பரிசு கொடுப்பதில்லை. ஆளை அனுப்பி, பிள்ளைகள் கட்டடத்தை எப்படிப் பாவிக்கிறார்கள், சுவர் எப்படி நிற்கிறது என்று நேரில் பார்க்கிறார்கள். வரைந்தவருக்கு மட்டுமல்ல, கட்டிய மேசன்மாருக்கும், கட்டச் சொன்ன ஊர் அமைப்புக்கும் அந்தப் பரிசில் இடம் உண்டு.

2007 இல் அந்த விருதைப் பெற்றவற்றில் ஒன்று பங்களாதேஷில், தினாஜ்பூர் பக்கம் ருத்ராபூர் என்ற கிராமத்தில் உள்ள பள்ளிக்கூடம். ஜேர்மன் நாட்டு அன்னா ஹெரிங்கர் என்ற இளம் பெண் வரைந்தது. மாடிக் கட்டடம். கீழே மண் சுவர், மேலே மூங்கில். "மண் சுவர் மழைக்குக் கரைஞ்சிடாதா?" என்று நீங்கள் கேட்பீர்கள். பங்களாதேஷில் மழைக்குப் பஞ்சமில்லை. செங்கல் அத்திவாரம் போட்டு, ஈரம் மேலே ஏறாமல் நடுவில் பொலித்தீன் விரித்து, வைக்கோல் கலந்து மாடு மிதித்த மண்ணை அடுக்கடுக்காக ஏற்றினார்கள். குடை பிடித்த மாதிரி மேலே அகலமான கூரை. வகுப்பறையின் பின்பக்கம் பிள்ளைகள் ஊர்ந்து போய் ஒளிந்து வாசிக்கச் சின்னக் குகைகள்கூட இருக்கின்றன. வாசலுக்குத் திரை, பழைய வண்ணச் சேலைகள்.

இதைப் பார்த்து நம்ம சரிவில் மண் சுவர் எழுப்பச் சொல்லவில்லை. அந்தந்த ஊர் மழையையும் காற்றையும் பார்த்துக் கட்டினார்கள், அதற்குத்தான் பரிசு. நம்ம பக்கம் கட்டடம் எப்படி வந்தது? 6 முதல் 10 வயது வரையான தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் படிக்க இடமும் வாத்தியாரும் கொடுக்க வேண்டும் என்று 1920 சட்டம் சொன்னது. இடம் என்றால் பல தோட்டங்களில் ஒரு லயத்துக் காம்பரா, அல்லது மடுவம். 1977 க்குப் பிறகு அரசாங்கம் பொறுப்பெடுத்து, சுவீடன் உதவியும் வந்து, புதிய கட்டடங்கள் எழும்பின. நல்ல காரியம். ஆனால் பல இடங்களில் ஒரே மாதிரி நீள மண்டபம், மறைப்பு இல்லாமல் நான்கு வகுப்பு. மூன்றாம் வகுப்புப் பிள்ளை வாய்ப்பாடு சொல்ல, நான்காம் வகுப்புப் பிள்ளையும் சேர்ந்து சொல்லும்.

அதனால், உங்கள் பள்ளிக்கூடத்துக்குப் புதுக் கட்டடம் வருகிறது என்றால், பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்கு ஒரு நாள் பேர் போனாலும் பரவாயில்லை என்று போங்கள். அத்திவாரம் வெட்டுவதற்கு முன்பே பிளானைக் காட்டச் சொல்லுங்கள். காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கும், மழைத் தண்ணீர் எந்தக் கானில் ஓடும் என்பது கொழும்பில் பிளான் போடுபவரைவிட உங்களுக்குத்தான் தெரியும். முக்கியமாக, தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அறிக்கை எடுத்தாகிவிட்டதா என்று கேளுங்கள். 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தயில் லயங்கள் மண்ணுக்குள் போனபோது, நேரத்தோடு பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளைகள் தப்பினார்கள். பள்ளிக்கூடம் வேறு இடத்தில் இருந்ததால்தான் அதுவும்.

மற்றவர்களைச் சொல்கிறோமே தவிர, நாங்களும் பிழை விட்டவர்கள்தான். சில வருடங்களுக்கு முன் ஒரு பிள்ளைக் காம்பரா கட்டினோம். திறப்பு விழா எல்லாம் பிரமாதம். இரண்டு மாதம் கழித்து அங்கே பிள்ளை பார்க்கும் அம்மா, "ஐயா, ஜன்னல் எனக்குத்தான் எட்டுது, புள்ளைகளுக்கு எட்டலயே" என்றார். பெரிய ஆட்கள் உயரத்துக்கு ஜன்னல் வைத்திருக்கிறோம்! பிள்ளைகளுக்கு நாள் முழுக்கச் சுவர்தான் தெரிந்தது. இரண்டு மேசன்மார் மூன்று நாள் நின்று சுவரை வெட்டி ஜன்னலை இறக்கினார்கள். இப்போது பத்து மணிக்குப் போனால், பிள்ளைகள் வரிசையாக நின்று எதிர் மலையில் கொழுந்தெடுக்கும் அம்மாமாரைத் தேடிக்கொண்டிருப்பார்கள்.