மழை எந்தச் சுரத்தில் இருக்கிறது?

"இயற்கையும் மனிதனும்னு தலைப்பு வச்சுக் கச்சேரி பண்ணுதாங்களே, அதுல என்னதான் பாடுவாங்க? குயில் மாதிரி கூவிக் காட்டுவாங்களோ?" என்று கேட்டீர்கள் அண்ணாச்சி. உட்காருங்கள், டீ வரட்டும், சொல்கிறேன்.

கூவுவதெல்லாம் கிடையாது. இப்படித் தலைப்பு கொடுத்தால் பாடகருக்குச் சட்டென்று ஞாபகம் வருவது அமிர்தவர்ஷிணி ராகம். அதன் கதை நம் பக்கத்துக் கதை. முத்துஸ்வாமி தீட்சிதர் எட்டயபுரத்துக்கு வரும் வழியில் வெடித்துக் கிடந்த கரிசலைப் பார்த்தாராம். 'ஆனந்தாமிருதாகர்ஷிணி' கீர்த்தனையைப் பாடி அம்பாளிடம் மழை கேட்டாராம், கொட்டித் தீர்த்துவிட்டதாம். தீட்சிதர் 1835-இல் எட்டயபுரத்தில் காலமானார், சமாதியும் அங்கேதான் இருக்கிறது. அது வரலாறு. மழை மட்டும் செவிவழி வந்த கதை.

"அப்போ அந்த ராகத்துல மழை இருக்கா, இல்லியா?" அடுத்த கேள்வி அதுதானே.

ஏழு சுரத்தில் ரி, த இரண்டையும் எடுத்துவிடுங்கள். மிச்சம் ச, க, ம, ப, நி. ச-விலிருந்து க-வுக்கு ஒரு தாவல். ப-விலிருந்து நி-க்கு இன்னொரு தாவல். ம பிரதிமத்தியமம் என்பதால் ப-வை ஒட்டி நிற்கும். நி காகலி, அது மேல் ச-வை ஒட்டி நிற்கும். தாவி ஏறியதும் ஒரு நெருக்கம், மறுபடி தாவல், மறுபடி நெருக்கம். அந்தப் பளிச்சென்ற ஓட்டத்தில் நமக்கு மின்னல் தெரிகிறது.

ஆனால் வடக்கே மழைக்கென்று 'மேக்' ராகம் பாடுகிறார்கள். அதில் ச, ரி, ம, ப, நி. அந்த ம கொஞ்சம் கீழே நிற்கும் சுத்தமத்தியமம், நி-யும் அப்படியே கீழே நிற்கும் கைசிகி. இரண்டு ராகத்துக்கும் பொதுவாக இருப்பவை ச-வும் ப-வும் மட்டும்தான். இன்னொரு வேடிக்கை, மேக் ராகத்தின் அதே சுரங்களை நாம் மத்தியமாவதி என்று கச்சேரியின் கடைசியில் மங்களகரமாகப் பாடுகிறோம். அதைக் கேட்டு எவரும் குடையைத் தேடுவதில்லை!

ஆக, சுரத்தில் தேடினால் மழை அகப்படாது. கதை பிறந்த மண்ணைப் பாருங்கள். தாமிரபரணிப் பாசனம் எட்டாத, வானம் பார்த்த பூமி. அங்கே இயற்கையை ரசிக்க யாருக்கு நேரம்? மழை இல்லாவிட்டால் விதைப்பே இல்லை. அதனால் அந்தப் பாட்டு கையேந்துகிறது.

ஆற்றங்கரைக்கு வாருங்கள், பாட்டின் குணமே மாறிவிடும். சிற்றாறு தாமிரபரணியோடு சேரும் சீவலப்பேரிதான் முக்கூடற் பள்ளின் களம். பாடவும் ஆடவும் எழுந்த நூல் அது; பேசுகிறவர்கள் வயலில் இறங்கி உழைக்கும் பள்ளர்கள். மேற்கே மலையாளத் திசையிலும் கிழக்கே ஈழத் திசையிலும் மின்னுவதை வைத்தும், நண்டு வளையை மண்ணால் அடைப்பதை வைத்தும் நாளைக்கு ஆறு பெருகும் என்று கணக்குச் சொல்கிறார்கள். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டிலும் நீர் பெறும் ஆற்றுக்கு இரண்டு திசை மின்னலும் பொருத்தம்தான். இங்கே வேண்டுதலை விட அனுபவம் பெரிது.

மூன்றாவது ஒரு வகையும் வந்துவிட்டது. 2017-இல் டி.எம். கிருஷ்ணா 'சென்னைப் புறம்போக்குப் பாடல்' பாடினார். கபேர் வாசுகி எழுதிய சென்னைப் பேச்சுத் தமிழ், கர்நாடக ராகமாலிகையில். எண்ணூர்க் கழிமுகத்தில் நின்று பாடிப் படம்பிடித்தார்கள். நீர் ஓடும் இடத்தை நிரப்பி நாம் கட்டியதைக் கணக்குக் கேட்கிற பாட்டு அது.

எனவே அடுத்த முறை இப்படி ஒரு கச்சேரிக்குப் போனால், பாட்டு மழையைக் கேட்கிறதா, மழையைப் படிக்கிறதா, நம்மைக் கேட்கிறதா என்று கவனியுங்கள் அண்ணாச்சி. முதல் இரண்டுக்கும் நம் சீமையிலேயே பாட்டு உண்டு. சாக்கடை கலக்கும் தாமிரபரணியைப் பற்றி மூன்றாவது வகையில் ஒன்று எழுதி நம்மூர் மேடையில் பாடினால், முன்வரிசையில் உட்கார்ந்து கேட்கத் தைரியம் இருக்குமா நமக்கு?