பார்ப்பவர் கையில் ஓர் அளவுகோல்

1952ஆம் ஆண்டு டிசம்பர் 1ஆம் தேதி, பட்டாளத்தில் இருந்த ஒருவர் பொன்கூந்தல் பேரழகியாகிவிட்டார் என்று, நியூயார்க் ‘டெய்லி நியூஸ்’ பத்திரிகை முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் பிரசுரித்தது. கோபன்ஹேகனில் சிகிச்சை பெற்றுவந்த கிறிஸ்டீன் ஜோர்கென்சன் என்னும் திருநங்கையைப் பற்றிய செய்தி அது. உண்மையில் அவர் போர்முனையைக் கண்டவரல்லர். 1945இல் ராணுவத்துக்கு அழைக்கப்பட்டுக் காரியாலயத்தில் குமாஸ்தா வேலை பார்த்தவர். ஆயினும் சிப்பாய்க்கும் சௌந்தரியவதிக்கும் இடையே தூரம் கூடக்கூட ஜனங்களின் ஆவலும் கூடும் என்பதனால், குமாஸ்தா மறைந்து சிப்பாயே செய்தியில் எஞ்சினார்.

மறு பிப்ரவரியில், ரோமக் கோட்டும் தொப்பியும் அணிந்து அவர் நியூயார்க் விமான நிலையத்தில் வந்திறங்கியபோது, நூற்றுக்கணக்கில் சூழ்ந்துகொண்ட நிருபர்கள், அவருடைய நடையையும் குரலையும் உடையையும், பரீக்ஷைத் தாளைத் திருத்துகிறவர்களைப்போலக் கூர்ந்து நோக்கி எழுதினார்கள்.

திருநங்கையொருவர் காண்பவர் ஐயுறாவண்ணம் பெண்ணாகவும், திருநம்பியொருவர் ஆணாகவும் நடமாடுவதை ஆங்கிலத்தில் ‘பாஸிங்’ என்பார்கள். வெளிறிய மேனி வாய்த்த கறுப்பின மக்கள், நிறபேதக் கொடுமைக்குத் தப்பி வெள்ளையராக வாழ்ந்ததைக் குறிக்க அமெரிக்காவில் முன்பே வழங்கிவந்த சொல் அது. வசையும் அடியும் படாமல் வீடுபோய்ச் சேர அது ஒரு கவசமாகையால், அதை நாடுகிறவர்களைக் குறைகூற எனக்கு மனம் வராது. என் மனத்தாங்கலெல்லாம் அளவுகோலைப் பிடித்திருப்பவர்களோடுதான். ஒருவரைப் பெண்ணென்று ஒப்புவதற்கு அவருடைய அழகே ஆதாரமென்றால், அந்த ஒப்புதலை அவர்கள் நினைத்த மாத்திரத்தில் திரும்பப் பெற்றுக்கொள்ளலாமல்லவா?

அப்படியே நடந்தது. கிறிஸ்டீன் வந்திறங்கிய வருஷமே சிகிச்சையின் விவரங்கள் வெளியானதும், அதே முகமும் அதே குரலும் இருக்க, அழகியென்று கொண்டாடிய பத்திரிகையுலகிலேயே, அவர் பெண்ணல்லர் என்ற பேச்சு எழுந்தது. 1959இல் விவாகம் செய்துகொள்ள அனுமதி வேண்டிச் சென்றபோது, பிறப்புச் சான்றிதழில் ஆண் என்றிருப்பதைக் காட்டி நியூயார்க் அதிகாரிகள் மறுத்துவிட்டார்கள். 1967இல் அவர் தம் வாழ்க்கையைத் தாமே புத்தகமாக எழுதி வெளியிட்டார். மூன்று ஆண்டுகளுக்குப் பின் அது திரைப்படமாக வந்தபொழுது, கிறிஸ்டீனாகத் தோன்றும் பொறுப்பு ஜான் ஹேன்சன் என்ற ஆண் நடிகரிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது.