புட்டு மாவுப் பதத்தில் ஒரு சுவர்

ஆரோவில் பார்வையாளர் மையத்தின் சுவர்களில் இருக்கும் கற்கள் சூளைக்குப் போகாதவை. அழுத்திச் செய்த மண் கற்கள். எகிப்தியக் கட்டடக் கலைஞர் ஹசன் ஃபாத்தி பெயரிலான விருதை 1992இல் அந்தக் கட்டடம் பெற்றது. வேகாத கல் எப்படி இப்படி நிற்கிறது? புட்டுக்கு மாவு பிசிறத் தெரிந்தவர்களுக்குப் பாதி விடை கையிலேயே இருக்கிறது.

அரிசி மாவில் உப்புத் தண்ணீரைத் தெளித்துத் தெளித்துப் பிசிறுவோம். பிடித்தால் பிடிபட வேண்டும், உதிர்த்தால் உதிர வேண்டும். மண் கல்லுக்கும் அதே பதம்தான். பிசிறிய மண்ணை உருண்டை பிடித்துத் தோளுயரத்திலிருந்து கீழே போடுவார்கள். நாலைந்து துண்டாக உடைந்தால் சரி. பொடியாகச் சிதறினால் தண்ணீர் போதாது. உடையாமல் சப்பென்று உட்கார்ந்தால் தண்ணீர் கூடிவிட்டது.

அளவான ஈரத்தில் மண்துகள்கள் வழுக்கிக்கொண்டு நெருங்கும்; பெரிய துகள்களுக்கு நடுவிலுள்ள சந்துகளில் சின்னத் துகள்கள் போய் அடையும். ஈரம் மிஞ்சினால் அந்தச் சந்துகளைத் தண்ணீரே பிடித்துக்கொள்ளும். அழுத்தினாலும் இறுகாது, காய்ந்ததும் அங்கெல்லாம் ஓட்டைதான்.

புட்டு இதுவரைதான் துணைக்கு வரும். குழலில் மாவை அமுக்கினால் ஆவி ஏறாது. மண்ணையோ அமுக்கியே தீர வேண்டும். ஆரோவில் மண் நிறுவனத்தின் 'ஆரம் 3000' கை அச்சு 15 டன் வரை விசை தரும்.

இனி மண். செடிகொடி மக்கிய மேல்மண்ணைத் தோட்டத்துக்கு ஒதுக்கிவிட்டு அடிமண்ணை எடுக்க வேண்டும். பாதி மணல், ஐந்தில் ஒரு பங்கு களி, மீதி வண்டலும் சரளையும் என்றிருந்தால் நல்லது. மண்ணைப் பிணைக்கக் கலக்கும் சிமெண்ட், ஆரோவில் செம்மண்ணுக்குச் சுமார் 5 சதவீதம் போதுமாகிறது. களி மிகுந்த மண்ணுக்குச் சுண்ணாம்பு பொருந்தும். மண்ணைச் சோதிக்காமல் சிமெண்டை அள்ளிக் கொட்டுவது, மண் வீடு கட்டும் நோக்கத்தையே கெடுத்துவிடும். அச்சிலிருந்து எடுத்த கற்களை அடுக்கி மூடி, நான்கு வாரம் ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் சிமெண்ட் தன் வேலையை முடிக்கும். விறகுச் செலவே கிடையாது.

மண்ணெடுக்கும் பள்ளத்தை வரைபடத்திலேயே மழைநீர்த் தொட்டியாகக் குறித்துவிடுங்கள். மண் சுவருக்குப் பகை சாரலும் தரையிலிருந்து ஏறும் ஈரமும்தான். இறவாரத்தை நன்றாக வெளியே நீட்டுங்கள். அடித்தளத்தைக் கருங்கல்லில் உயர்த்துங்கள். வெளிச்சுவருக்கு ஆயில் பெயிண்ட் வேண்டாம். சுவருக்குள் போன ஈரம் வெளியேற வழி இருக்க வேண்டும்.