கூழாங்கல் பாதையும் வயோதிகர் நடையும்

வழவழப்பான தளத்தில் தடையின்றி நடக்கும் வயோதிகர், மேடுபள்ளமான பாதையை அடைந்தவுடன் அடியைக் குறுக்கி, காலை அகட்டி வைத்து, தரையையே நோக்கிச் செல்வது ஏன்?

சரீரத்தின் சமநிலை என்பது கண்ணும், உட்செவியும், பாதம் முதலிய அங்கங்களின் ஸ்பரிச உணர்ச்சியும் அனுப்பும் செய்திகளை மூளை ஒருங்கே கிரகித்து நடத்துகிற காரியம். பிராயம் ஏற ஏற உள்ளங்காலின் உணர்ச்சி மங்கி, கணுக்காலின் பலமும் குறைந்து, இடறிய அடியைத் திருத்திக்கொள்ளும் வேகமும் தளர்ந்துவிடுவதால், பாரம் பெரும்பாலும் கண்ணின்மேல் விழுகிறது. அந்தக் கண்ணுக்கும் பைஃபோகல் கண்ணாடியை அணிவித்துவிட்டோமானால், படிப்பதற்கென்று அமைந்த கீழ்ப்பாதி வழியே அடுத்த படி மங்கலாகத்தான் தெரியும்!

ஆகவே கரடுமுரடான தரையை அறவே விலக்கிவிடலாமோ என்றால், அதுவும் சரியன்று. சீன தேசத்தில் முதியோர் கூழாங்கல் பதித்த பாதைகளில் அப்பியாசமாக நடக்கும் வழக்கத்தைக் கண்டு, அமெரிக்காவின் ஆரிகன் ஆராய்ச்சி நிலையத்தார், 60 பிராயம் கடந்தவர்களை 16 வாரம் அத்தகைய மேடுகள் அமைந்த விரிப்பின்மேல் நடக்கச் செய்தார்கள். 2005-இல் வெளியான முடிவின்படி, சாதாரணமாய் நடைப்பயிற்சி செய்தவர்களைக் காட்டிலும் இவர்களுடைய சமநிலை நன்கு தேறியது. புடைத்த கல் பாதத்தை ஒருபுறம் சாய்க்க, கணுக்கால் உடனே மறுபுறம் திருத்த, இவ்வாறு அடிதோறும் நிகழும் சிறு பிரயத்தனமே இதற்குக் காரணமாயிருக்கலாம். நீரிழிவினால் பாத உணர்ச்சி அற்றுப்போனவர் மட்டும் வைத்தியரைக் கேளாமல் இதில் இறங்கலாகாது.