மலை ரயிலில் எந்த இருக்கை?

கோடை விடுமுறை நெருங்கும்போது எங்கள் இதயநோய்ப் பிரிவின் புறநோயாளர் அறையில் தவறாமல் எழும் வினா ஒன்றுண்டு. இரத்த அழுத்தம் பார்த்து, மருந்துச்சீட்டு எழுதி முடித்தபின், எழுந்து செல்லும் வேளையில் கேட்பார்கள்: “டாக்டர், பிள்ளைகள் ஊட்டி ரயிலுக்கு டிக்கெட் போட்டிருக்கிறார்கள். போகலாம் அல்லவா?” பயணச்சீட்டு எடுத்தபின் வரும் இவ்வினா, எடுப்பதற்கு முன் வந்திருக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையை நாங்கள் எழுதுவதற்குக் காரணம்.

சில ஆண்டுகளுக்கு முன் அறுபதுகளில் இருந்த ஓர் அம்மையார், இதயச் செயலிழப்புக்காக எங்களிடம் சிகிச்சை பெற்றுவந்தார். நோய் நன்கு கட்டுப்பாட்டில் இருந்தது. மகன் மலை ரயிலில் சன்னலோர இருக்கை பெற்றுத் தந்திருந்தார். அந்த வண்டியில் கழிப்பறை இல்லை என்று யாரோ சொல்ல, அம்மையார் தம் நீர் மாத்திரையைப் பயணத்திற்கு முதல் நாளே நிறுத்திவிட்டார். பயண நாளிலும் போடவில்லை. திரும்பி வருவதும் அதே வண்டியில் என்பதால் மூன்றாம் நாளும் போடவில்லை. இடையே முறுக்கும் உப்புக்கடலையும் சேர்ந்துகொண்டன. அன்றிரவு படுக்க முடியாமல், உட்கார்ந்தபடியே மூச்சுத் திணற, அவசரப் பிரிவுக்கு அழைத்து வரப்பட்டார். நுரையீரலில் நீர் கோத்திருந்தது. ஐந்து நாட்கள் மருத்துவமனையில் இருந்து நலமுடன் வீடு திரும்பினார். நாங்கள் எழுதித் தந்த மருந்துச்சீட்டில் ‘காலை 1’ என்று மட்டுமே இருந்தது. பயணம் என்றால் என்ன செய்வது என்று அவரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. பிழையில் பெரும்பங்கு எங்களுடையது.

எனவே முதலில் வண்டியின் இயல்பை அறிந்துகொள்வோம். மேட்டுப்பாளையத்திலிருந்து உதகமண்டலம் வரை 46 கிலோமீட்டர். 1899இல் குன்னூர் வரையிலும், 1908இல் உதகை வரையிலும் பாதை திறக்கப்பட்டது. 2005இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று. கல்லாறு முதல் குன்னூர் வரை, 12 அடி முன்சென்றால் 1 அடி உயரும் செங்குத்தான ஏற்றம். தண்டவாளங்களுக்கு நடுவே உள்ள பற்சட்டத்தை எஞ்சினின் பற்சக்கரம் கவ்வி ஏறுகிறது. காலை 7.10க்குப் புறப்படும் வண்டி நண்பகலை ஒட்டியே உதகையை அடைகிறது. ஏறத்தாழ ஐந்து மணி நேரம். பெட்டிக்குப் பெட்டி நடந்து செல்ல வழி கிடையாது. ஹில்குரோவ் நிலையத்தில் எஞ்சினுக்கு நீர் பிடிக்க நிற்கும்போது இறங்கிக் கால் நீட்டலாம், கழிப்பறைக்கும் செல்லலாம். அடுத்து குன்னூரில் எஞ்சின் மாற்றும்போது சற்று நேரம் கிடைக்கும்.

இந்த ஐந்து மணி நேரமே நீர் மாத்திரை உட்கொள்வோரின் சிக்கல். அதற்கு விடை, மாத்திரையை நிறுத்துவதன்று, நேரத்தை மாற்றுவது. வழக்கமாகக் காலையில் உட்கொள்ளும் நீர் மாத்திரை ஒரு மணி நேரத்திற்குள் வேலை செய்யத் தொடங்கி, சுமார் ஆறு மணி நேரம் சிறுநீரை மிகுதியாக்கும். பெரும்பாலோருக்கு, பயண நாளில் மட்டும் உதகை சேர்ந்தபின் நண்பகலில் அதை உட்கொள்ளுமாறு மாற்றித் தர இயலும். யாருக்கு மாற்றலாம், யாருக்குக் கூடாது என்பதை உங்கள் மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். தண்ணீர் குடிப்பதை அறவே நிறுத்திவிடுவதும் நல்லதன்று. நீரிழிவு உள்ளோர் காலை உணவைத் தவிர்த்துவிட்டு இன்சுலினை மட்டும் போட்டுக்கொண்டு ஏறுவது அதனினும் ஆபத்து. கையில் உணவும், சிறிது சர்க்கரையும் இருக்கட்டும்.

இனி இருக்கை. வலப்பக்கமா, இடப்பக்கமா என்பதே எல்லோரும் கேட்பது. 208 வளைவுகளும், 250 பாலங்களும், 16 குகைப்பாதைகளும் உள்ள பாதையில் பள்ளத்தாக்கு ஒரே பக்கத்தில் நின்றுவிடுவதில்லை. அதைப் பற்றி மிகவும் கவலைப்பட வேண்டாம் என்பது எங்கள் கருத்து. இணையவழி முன்பதிவில் திரையரங்கில் போல வரைபடத்தைப் பார்த்து இருக்கையைத் தொட்டுத் தேர்ந்தெடுக்கும் வசதியும் இல்லை. எண்ணைக் கணினியே ஒதுக்குகிறது. உங்கள் கையில் உள்ளவை வகுப்பும், நாளும், தூரமும்தான். அவற்றை நோய்க்கேற்பத் தேர்ந்தெடுங்கள்.

கல்லாற்றுக்கு மேல் நீராவி எஞ்சின் பெட்டிகளை இழுப்பதில்லை, பின்னாலிருந்து தள்ளுகிறது. ஆகவே மலையேறும்போது புகை மிகுதியாக எட்டுவது பின்பெட்டியை. குகைப்பாதைக்குள் அது உள்ளேயும் வரும். ஆஸ்துமா, நாட்பட்ட மூச்சுக்குழாய் அடைப்பு நோய் உள்ளோர் முதல் வகுப்பை நாடுவது நலம். அது வழக்கமாக ஏறும் திசையில் முன்புறம் அமைகிறது, நெருக்கமும் குறைவு. இடம் கிடைக்காவிட்டால் குகை வரும்போது சன்னலை மூடிவிடுங்கள். இன்ஹேலர் மேலே வைத்த பெட்டிக்குள் அன்று, சட்டைப்பையில் இருக்க வேண்டும். இரண்டாம் வகுப்பில் எதிரெதிரே அமர்வதால் முழங்கால்கள் இடிபடும். முழங்கால் மாற்று அறுவை செய்துகொண்டோர் இதை நினைவில் கொள்க. எதிரெதிர் இருக்கை என்பதால் பாதிப்பேர் பின்னோக்கியே பயணம் செய்வர். வளைவுகளில் குமட்டல் வருவோர், உடன்வரும் உறவினரிடம் இடம் மாற்றிக்கொண்டு முன்னோக்கி அமரலாம். முன்பதிவில்லாப் பெட்டி நோயாளிகளுக்கு ஏற்றதன்று. இடம் பிடிக்க ஓடும் ஓட்டமே ஓர் உடற்பயிற்சிச் சோதனை.

உயரத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 330 மீட்டர். உதகை 2,200 மீட்டர். அங்கே காற்றழுத்தம் கடற்கரையில் உள்ளதில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்குதான், ஆக்சிஜனும் அவ்வாறே. விமானத்திற்குள் பயணிகள் உணரும் அழுத்தமும் கிட்டத்தட்ட இதே அளவுதான். நிலையான உடல்நிலையில், இரண்டு மாடி படியேறி மூச்சு வாங்காதவருக்கு இதனால் பெரிய தொல்லை நேர்வதில்லை. ஆனால் ஓய்வில் ஆக்சிஜன் செறிவு 92 விழுக்காடோ அதற்குக் குறைவோ இருப்பவர்கள், ஹீமோகுளோபின் 8 கிராமுக்குக் கீழே உள்ளவர்கள், நடந்தாலே நெஞ்சு வலிப்பவர்கள், மாரடைப்பு ஏற்பட்டு ஆறு வாரங்கள் ஆகாதவர்கள் ஆகியோர் பயணச்சீட்டு எடுக்குமுன் எங்களைப் பார்க்க வேண்டும். கல்லாற்றுக்கும் குன்னூருக்கும் இடையே வண்டி காட்டுக்குள் மெல்ல ஊர்ந்து செல்கிறது. அங்கே ஆம்புலன்ஸை வரவழைப்பது எளிதன்று.

முழுத் தூரமும் செல்லத்தான் வேண்டும் என்பதில்லை. குன்னூர் வரை காரில் சென்று, அங்கிருந்து உதகைக்கு ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரம் ரயிலில் போகலாம். வெலிங்டன், அரவங்காடு, கேத்தி, லவ்டேல் என்று நிலையங்கள் அடுத்தடுத்து வரும். தேயிலைத் தோட்டங்களும் உண்டு. அல்லது மேட்டுப்பாளையத்தில் ஏறி, 1,700 மீட்டர் உயரத்திலுள்ள குன்னூரிலேயே இறங்கிவிடலாம். நீண்ட நேரம் அமர முடியாதோருக்கு முதல் வழி; அதிக உயரம் ஆகாதோருக்கு இரண்டாவது.

முன்பதிவு 60 நாட்களுக்கு முன் தொடங்குகிறது. கோடைக்கால இருக்கைகள் விரைவில் தீர்ந்துவிடும். இணையத்தில் எடுத்த சீட்டு காத்திருப்புப் பட்டியலிலேயே நின்றுவிட்டால் தானாக ரத்தாகிவிடும். அதை வைத்துக்கொண்டு ஏற முடியாது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மண்சரிவால் வண்டியே ரத்தாவதும் உண்டு. சென்னையிலிருந்து இரவு ரயிலில் வந்து, ஒரு மணி நேரத்திற்குள் மலை ரயிலுக்கு மாறுவதைவிட, முதல் நாளே மேட்டுப்பாளையத்தில் தங்கி உறங்கிச் செல்வது முதியோருக்கு மிகவும் நல்லது. ஒரு செய்தியையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறோம்: நோயாளிகளுக்கான ரயில் கட்டணச் சலுகைச் சான்று சிகிச்சைக்காகச் செல்லும் பயணத்திற்கானது. ஊட்டிக்குச் செல்ல அதைக் கேட்டு எங்களைச் சங்கடப்படுத்த வேண்டாம்.

60 நாட்கள் என்பது இதயநோயாளிக்கு நீண்ட காலம். சீட்டு எடுத்தபோது இருந்த உடல்நிலை ஏறும் நாளில் இருக்கும் என்று கொள்ள முடியாது. புறப்படுவதற்கு முந்தைய வாரம் ஒருமுறை பரிசோதனைக்கு வாருங்கள். மூன்று நாட்களில் எடை இரண்டு கிலோ கூடியிருந்தாலோ, கால் வீங்கியிருந்தாலோ சீட்டை ரத்துச் செய்துவிடுங்கள். “பணம் கட்டியாயிற்றே” என்று உறவினர் சொல்லக் கேட்டிருக்கிறோம். அந்தப் பணம், தீவிரச் சிகிச்சைப் பிரிவில் ஒரு நாள் செலவுக்கு முன் ஒன்றுமில்லை.

அந்த அம்மையார் மறுமுறையும் சென்றார். இம்முறை சீட்டு எடுக்குமுன் மகனே வந்து கேட்டார். குன்னூர் வரை முதல் வகுப்பு, அங்கே இரண்டு நாள் தங்கல், திரும்புவது காரில் என்று முடிவாயிற்று. மருந்துச்சீட்டில் ‘பயண நாளில் மட்டும், குன்னூர் சேர்ந்தபின்’ என்று எழுதிக் கொடுத்தோம். ஊர் திரும்பிய மறுநாள் எடைக் குறிப்பேட்டைக் கொண்டுவந்து காட்டினார். போகும்போது 58.2, வந்தபின் 58.4. “வர்க்கி வாங்கினேன் டாக்டர், நான் சாப்பிடவில்லை” என்றார். உடனிருந்த மகன் சிரித்ததைக் கொண்டு, ஒன்றிரண்டு சாப்பிட்டிருப்பார் என்று தெரிந்துகொண்டோம்.