டீச்சர் ஆவதற்கு முன்னால்
மேடையும் நாங்களும் – 7

பாலே ரசிகர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. நாயகி நடு மேடையில் சுழன்றுகொண்டிருக்கும்போது அவர்கள் கண் பின்வரிசையில் மேயும். 'ஸ்வான் லேக்'கில் அன்னங்களாக நிற்கும் பெண்கள் எல்லாரும் ஒரே வெள்ளை உடை, ஒரே கொண்டை. அதில் மூன்றாவதாக நிற்கும் பெண் கழுத்தைத் திருப்புவது மட்டும் ஏதோ செய்கிறது. உடனே நிகழ்ச்சிக் கையேட்டில் பெயரைத் தேடுவார்கள். மறு வருடம் அவளுக்குச் சின்னத் தனி ஆட்டமாவது கொடுத்தார்களா என்று பார்ப்பார்கள். பதவி உயர்வுப் பட்டியலில் அவள் பெயர் வந்துவிட்டால் சொந்த வீட்டுப் பெண்ணுக்கு வேலை கிடைத்த மாதிரி சந்தோஷம். வராவிட்டால் கோபம். கலை இயக்குநருக்குக் கண் இல்லையா என்று இடைவேளையில் காப்பிக் கோப்பையோடு வாதம் நடக்கும்.

நானும் எஸ்பிளனேட் அரங்கில் அந்த வாதங்களில் கலந்துகொள்கிறவன். அதே எஸ்பிளனேடில் பரதநாட்டியம் பார்க்கவும் போகிறேன். அங்கே இடைவேளையில் இந்தப் பேச்சு எழுவதே இல்லை. உடை பிரமாதம், பாட்டு பிரமாதம், டீச்சர் நன்றாக அமைத்திருக்கிறார் என்பதோடு முடிந்துவிடும். இரண்டாம் வரிசையில் இடது ஓரத்தில் ஆடிய பெண் யார், போன வருடம் எங்கே நின்றாள், அடுத்த வருடம் எங்கே நிற்கப்போகிறாள் என்று யாரும் கேட்பதில்லை. கேட்டாலும் பதில் சொல்ல ஏற்பாடு இல்லை. இந்த வாரம் அதைப் பற்றித்தான்.

முதலில் பதவி உயர்வுக்கு ஏணி இருக்கும் இடத்தைப் பார்த்துவிடலாம். 1988ல் கோ சூ கிம்மும் அந்தோணி தென்னும் ஏழு ஆட்டக்காரர்களோடு சிங்கப்பூர் டான்ஸ் தியேட்டரைத் தொடங்கினார்கள். 2021 கடைசியில் அது 'சிங்கப்பூர் பாலே' என்று பெயரை மாற்றிக்கொண்டது. முதலில் ஃபோர்ட் கேனிங் குன்றில் இருந்தார்கள். பிறகு பூகிஸ் பிளஸ் கடைத்தொகுதிக்கு வந்தார்கள். தேக்காவிலிருந்து கால்மணி நேரம் நடந்தால் போய்விடலாம். முழுநேரத் தொழில்முறைக் குழு அது. பயிற்சிநிலையில் சேர்ந்து, கலைஞர், முதல்நிலைக் கலைஞர், முதன்மைக் கலைஞர் என்று ஏற வேண்டும். யார் எந்தப் படியில் நிற்கிறார் என்பது டிக்கெட் வாங்குகிற எனக்கும் தெரியும்.

இந்த ஏணி ஒரே நாளில் வந்துவிடவில்லை. கோ சூ கிம் ஆஸ்திரேலிய பாலே பள்ளியில் சேர்ந்த முதல் ஆசியப் பெண். அவருடைய தம்பி கோ சூ சானின் கதை இன்னும் பெரியது. நெதர்லாந்து தேசிய பாலேயில் ஆடினார். 1976ல் வாஷிங்டன் பாலேக்குப் போனார். பாலே நட்சத்திரம் பாரிஷ்னிகோவுக்காக 'கான்ஃபிகரேஷன்ஸ்' என்ற நடனத்தை அமைத்தார். 1987ல் 39 வயதில் இறந்துபோனார். அவர் மேலே ஏறிய ஒவ்வொரு படியும் வெளிநாட்டில்தான் இருந்தது. அவர் மறைந்த மறு வருடம் அவருடைய அக்கா இங்கேயே ஒரு குழுவைத் தொடங்கினார். இன்று அந்தக் குழு தம்பியின் படைப்புகளை ஆடுகிறது.

இப்போது நம் பரதநாட்டியத்தின் பக்கம், தேக்காவின் கெர்பாவ் ரோட்டுக்கு வாருங்கள். நம் கதை அந்த பாலே குழுவின் கதையைவிட வயதில் மூத்தது. சிங்கப்பூர் இந்திய நுண்கலைக் கழகம் 1949லேயே ஆரம்பித்துவிட்டது. கே.பி.பாஸ்கர் தன் நடனப் பள்ளியைத் தொடங்கியது 1952ல். அவரை மணந்து 1955ல் இங்கே வந்த சாந்தா பாஸ்கர் அப்போது பதின்ம வயதுப் பெண். மூன்றே வருடத்தில், 1958ல், 'பட்டர்ஃபிளை லவர்ஸ்' என்ற சீனக் காதல் கதையைப் பரதநாட்டியத்தில் மேடையேற்றினார். கொழும்பில் பிறந்து, கலாக்ஷேத்ராவில் தேறி, எழுபதுகளில் கணவர் சத்தியலிங்கத்தோடு இங்கே வந்த நீலா சத்தியலிங்கம் 1977ல் அப்சரஸ் ஆர்ட்ஸைத் தொடங்கினார். பாஸ்கர்ஸ் ஆர்ட்ஸ் அகாடமி, அப்சரஸ் ஆர்ட்ஸ் இரண்டுமே தேசிய கலைகள் மன்றத்தின் பெரிய குழுக்களுக்கான ஆதரவைப் பெற்றவை. கலையிலோ வரலாற்றிலோ நமக்குக் குறை எதுவும் இல்லை.

குறை ஒன்றே ஒன்றுதான். நம் நடனத்தில் பதவி உயர்வு என்றால் டீச்சர் ஆவதுதான். வேறு உயர்வு கிடையாது.

நாட்டின் உயர்ந்த கலை விருதான கலாசாரப் பதக்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1979ல் மாதவி கிருஷ்ணன், 1989ல் நீலா சத்தியலிங்கம், 1990ல் சாந்தா பாஸ்கர். மூவரும் அதற்கு முழுத் தகுதி உள்ளவர்கள். அவர்கள் அமைத்த நடனங்களைப் பார்த்து வளர்ந்த தலைமுறை என்னுடையது. ஆனால் மூவரையும் நாம் நினைவில் வைத்திருப்பது குருவாகவும் நடனம் அமைத்தவராகவும்தான். பிறர் அமைத்ததைப் பதினைந்து வருடம் ஆடி, ஆடியே பேர் வாங்கிய ஒருவரை, 'இன்றைக்கு அவர் ஆடுகிறாரா?' என்று கேட்டுக் கூட்டம் வருகிற ஒருவரை, இந்த ஊரில் நாம் உருவாக்கியிருக்கிறோமா? விரல்விட்டு எண்ணப் பார்த்தால் ஒரு கையே போதும்.

ஏன் இப்படி ஆகிறது என்பது வீடுகளுக்குத் தெரியும். ஐந்தாறு வயதில் டான்ஸ் கிளாஸ். பதிமூன்று, பதினான்கில் அரங்கேற்றம். மண்டபம், பக்கவாத்தியம், பட்டு, நகை, சாப்பாடு என்று குடும்பமே ஒரு வருடம் அதிலேயே கிடக்கும். அடுத்த நாளிலிருந்து சாதாரண நிலைத் தேர்வு. "அரங்கேற்றம் நல்லபடியா முடிஞ்சிருச்சு சார், இனிமே படிப்பைப் பார்க்கட்டும்" என்று சொல்லாத தாயை நான் பார்த்ததில்லை. அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. மேலே படி இல்லாத மாடியில் பிள்ளையை எதற்காக நிறுத்திவைப்பார்கள்?

அதற்குப் பிறகும் ஆடுகிற பெண்கள் இருக்கிறார்கள். பகலில் அலுவலகம். மாலையில் எம்ஆர்டியில் வந்து ஒத்திகை. நவராத்திரியில் கோயில் மேடை; நவம்பரில் எஸ்பிளனேடின் கலா உத்சவம். இதையே பிழைப்பாகக் கொள்ள விரும்புகிறவர்கள் பள்ளிகளில் இணைப்பாட நடவடிக்கை வகுப்பு எடுக்கிறார்கள். அந்த வேலையை நான் மிகவும் மதிக்கிறேன். மலாய்ப் பெண்ணும் சீனப் பெண்ணும் அரைமண்டியில் உட்கார்ந்து தட்டிக்கும்பிடுவதை இந்த ஊரில் சர்வசாதாரணமாகப் பார்க்க முடிகிறது என்றால் அது அவர்களால்தான். ஆனால் சிங்கப்பூர் இளையர் விழாவில் கிடைக்கும் சிறப்புச் சான்றிதழ் பள்ளிக்குப் போகிறது. இருபத்தைந்து வயதில், உடம்பு சொன்னபடி கேட்கிற காலத்தில், சொல்லிக்கொடுத்த பெண் தானே ஆடுவது குறைந்துகொண்டே வருகிறது. முப்பதில் அவளும் டீச்சர். நாற்பதில் அவள் மாணவிக்கு அரங்கேற்றம்.

ஆண்கள் விஷயம் வேறு மாதிரி. பதினெட்டில் தேசிய சேவை, இரண்டு வருடம். பாலே ஆடுகிற பையனுக்கு அது எவ்வளவு பெரிய இழப்பு என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. அந்த இரண்டு வருடத்தில்தான் மற்ற நாட்டுப் பையன்கள் குழுக்களில் சேர்கிறார்கள். பரதநாட்டியத்தில் முப்பதுக்கு மேல்தான் அபிநயம் கனிகிறது, ஐம்பதிலும் ஆடலாம். ஆகவே நம் பையன்கள் திரும்பி வர வழி இருக்கிறது. வந்து என்ன ஆவார்கள் என்று சொல்லத்தான் ஆளில்லை.

இனி வேடம் கொடுப்பது பற்றி. ருக்மிணி தேவி கலாக்ஷேத்ராவில் ராமாயணத்தை ஆறு நாட்டிய நாடகங்களாக அமைத்தார். 1955ல் 'சீதா சுயம்வரம்' முதலாவது. 1970ல் 'மகா பட்டாபிஷேகம்' கடைசி. அந்தக் காலத்து ரசிகர்களுக்குச் சீதை என்றால் கிருஷ்ணவேணி லட்சுமணன். வேடம் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போகும்போது கூட்டம் இருவரையும் ஒப்பிட்டது, சண்டை போட்டது, அதனாலேயே மறுபடி மறுபடி வந்தது. இது வெள்ளைக்காரப் பழக்கம், நமக்கு ஆகாது என்று சொல்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ருக்மிணி தேவி பரதம் கற்பதற்கு முன்பே அன்னா பாவ்லோவாவின் நட்பால் ஈர்க்கப்பட்டு, பாவ்லோவா குழுவைச் சேர்ந்த கிளியோ நோர்டியிடம் பாலே பயின்றவர். நம் நாட்டிய நாடகத்தின் மேடை ஒழுங்கில் பாலேயின் சாயல் அன்றிலிருந்தே இருக்கிறது. ஒழுங்கை எடுத்துக்கொண்டோம், ஆடுகிறவர்களுக்கான ஏணியை எடுத்துக்கொள்ளவில்லை.

இங்கே பெரிய தயாரிப்பு ஒன்று வரும்போது நாயகி யார் என்பது பெரும்பாலும் டீச்சரின் மனத்தில் முடிவாகிறது. சில சமயம் சென்னையிலிருந்து ஒருவர் வருவார். வரட்டும், நல்ல ஆட்டக்காரரோடு ஒரே மேடையில் நிற்பதைவிடப் பெரிய பாடம் கிடையாது. ஆனால் மூன்று காட்சிகள் இருந்தால் மூன்றிலும் அவரேதான் ஆட வேண்டுமா? பாலேயில் ஒரே 'ஜிசெல்'லுக்கு இரண்டு ஜோடி, மூன்று ஜோடி தயாராகும். சனிக்கிழமை மதியக் காட்சியை இளையவருக்குக் கொடுப்பார்கள். அந்த மதியக் காட்சிகளில்தான் பல பெயர்கள் பிறந்திருக்கின்றன. நான் மாலைக்கு வாங்கிய டிக்கெட்டைவிட மதியத்துக்கு வாங்கியதில்தான் அதிகம் வியந்திருக்கிறேன்.

படிநிலை வைத்தால் பொறாமை வரும், குரு–சிஷ்ய உறவு கெடும் என்று மூத்த ஆசிரியர் ஒருவர் என்னிடம் சொன்னார். அவர் அக்கறையோடுதான் சொன்னார். அதனால் அதை லேசாகத் தள்ள மாட்டேன். பாரிஸ் ஒப்பெராவில் ஐந்து படிநிலைகள் உண்டு. நெடுங்காலமாக ஆண்டுதோறும் உள்தேர்வு வைத்து ஆட்களை ஏற்றிவந்தார்கள். அங்கே கண்ணீருக்கும் கசப்புக்கும் குறைவே இல்லை. பல வருடம் ஒரே படியில் நின்று ஓய்ந்துபோனவர்கள் உண்டு. ஆனால் அதே இடத்தில்தான் 2023 மார்ச்சில் இன்னொன்றும் நடந்தது. சோலில் 'ஜிசெல்' ஆடி முடித்த 23 வயது கியோம் தியோப்பை, இடையில் இருந்த ஒரு படியைத் தாண்டி, நேரே மிக உயர்ந்த 'எத்துவால்' நிலைக்கு உயர்த்தினார்கள். காயம்பட்ட இன்னொருவருக்குப் பதிலாக ஆட வந்தவர் அவர். அந்த நிலையை அடைந்த முதல் கறுப்பினத்தவர். ஏணி வெளிப்படையாக இருந்ததால்தான் அந்தத் தாவலின் உயரம் உலகத்துக்கே தெரிந்தது. பொறாமை என்பது படிநிலை இல்லாத இடத்திலும் இருக்கிறது. ஒப்பனை அறையில், பின் குத்திக்கொண்டே, தாழ்ந்த குரலில் பேசிக்கொள்கிறார்கள். தனக்கு ஏன் கிடைக்கவில்லை என்று ஒரு பெண் கேட்கவும், இதை இதைச் சரிசெய்தால் கிடைக்கும் என்று பதில் பெறவும் வழி இருப்பது உறவைக் கெடுக்காது என்றே நான் நம்புகிறேன்.

இது நடக்காத காரியமும் இல்லை. அப்சரஸ் ஆர்ட்ஸ் ஒரு தொடக்கத்தைக் காட்டியிருக்கிறது. அரவிந்த் குமாரசாமியின் தலைமையில் 'அங்கோர்', 'ஆஞ்சநேயம்' போன்ற பெரிய படைப்புகளைச் செய்யத் தொடங்கியபோது அது மாணவிகளின் பள்ளி என்ற நிலையைக் கடந்து ஒரு நடனக் குழுவாக நடக்க ஆரம்பித்தது. இலங்கையில் பிறந்து நீலா சத்தியலிங்கத்திடம் பயின்ற மோகனபிரியன் தவராஜாவை அவர்கள் 'முதன்மை ஆட்டக்காரர்' என்றே குறிப்பிடுகிறார்கள். அவர் நடனமும் அமைக்கிறார், உடையும் வடிவமைக்கிறார். ஆனால் அந்த அடைமொழி அவர் ஆடுவதற்காகக் கிடைத்தது. நிகழ்ச்சிக் கையேட்டில் அதை முதலில் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. மேலே ஒரு பெயர் இருந்தால் அதற்குக் கீழே இரண்டாம் பெயருக்கும் மூன்றாம் பெயருக்கும் இடம் கேட்கலாம் அல்லவா?

கேட்கிறேன். கையேட்டின் கடைசிப் பக்கத்தில் அகர வரிசையில் குவிக்கிற பெயர்களைக் காட்சிவாரியாகப் போடுங்கள். அசோகவனத்து அரக்கியாக ஆடியவள் யார் என்று எனக்குத் தெரிய வேண்டும். எந்தத் தேதியில் யார் எந்த வேடம் என்பதை டிக்கெட் விற்கும்போதே சொல்லுங்கள். குழுவில் ஐந்து வருடம் நின்றவருக்கு ஒரு நிலையும், அந்த நிலைக்கு ஏற்ற ஒத்திகை ஊதியமும் கொடுங்கள். தேசிய கலைகள் மன்றம் குழுக்களுக்குத் தரும் ஆதரவில் ஆட்டக்காரர்களின் சம்பளத்துக்கென்று ஒரு பங்கைப் பிரித்துக் கேளுங்கள். சிங்கப்பூர் பாலே ஏழு பேரோடுதான் ஆரம்பித்தது, நமக்கு நான்கு பேர் போதும். எஸ்பிளனேடின் சிங்டெல் வாட்டர்ஃபிரண்ட் அரங்கில் 550 இருக்கைகள். பெரிய அரங்கில் ஒரே இரவு ஆடுவதற்குப் பதிலாக அங்கே மூன்று காட்சிகள் வைக்கலாம், அதில் ஒன்றை இரண்டாம் நாயகிக்குத் தரலாம்.

இந்த நவம்பரில் எந்தக் குழுவாவது அப்படி ஒரு காட்சி வைத்தால், இந்தத் தொடரில் ஒரு வாரம் முழுக்க அந்தப் பெண்ணைப் பற்றி மட்டும் எழுதுவேன். எந்த ஜதியில் தடுமாறினாள், எந்தச் சஞ்சாரியில் மேலே போனாள் என்பது உட்பட.

(தொடரும்)